இறாலுக்கு வந்த புரட்டாசி

மேலூரில் ஆனந்தவள்ளியைப் பற்றி விசாரித்தால், "அந்தக் கோபக்காரியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பொய் ஒன்றும் இல்லை. தண்ணீர் லாரிக்காரர் முதல் கேபிள் டிவிக்காரர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்தத் தெருவில் குறைவு. ஆனால் நியாயம் யார் பக்கம் இருந்தது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை அவள் பக்கம்தான் இருந்தது. மீதி இரண்டை அவளே ஒப்புக்கொண்டுவிடுவாள், அதையும் கோபமாகத்தான்.

அவள் பிறந்தது வையம்பட்டிப் பக்கம். மழை பெய்தால்தான் விளைச்சல் என்கிற பூமி. வீட்டில் இருபது ஆடுகள் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு ஆட்டின் வயிற்றையும் பார்ப்பது அவள் வேலை. இடது பக்கத்துப் பள்ளம் நிரம்பியிருந்தால் ஆடு மேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒட்டிப் போயிருந்தால் மேய்க்கப் போன அண்ணன் மரத்தடியில் தூங்கியிருக்கிறான் என்று அர்த்தம். அண்ணன் எத்தனையோ சாயங்காலம் அவளால் மாட்டிக்கொண்டு அப்பாவிடம் உதை வாங்கியிருக்கிறான். அவள் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. வாயில்லாத ஜீவனைக் கட்டிப் போட்டுவிட்டு நேரத்துக்குத் தீனி போடாதவர்களை அவளுக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது.

பிளஸ் டூ முடித்த கையோடு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ரெங்கராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் வாழைத் தோப்புகளுக்கு நடுவில் அவருடைய பூர்வீக வீடு. மொட்டை மாடிக்குப் போனால் ராஜகோபுரம் தெரியும். ரெங்கராஜ் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஷிப்ட் முடிந்தால் வீடு, வீடு விட்டால் கோயில். புரட்டாசி பிறந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். செருப்புப் போட மாட்டார், நெற்றியில் நாமம் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார், சனிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாடு. வீட்டில் கவுச்சி என்ற பேச்சே இருக்கக் கூடாது. ஆனந்தவள்ளியும் அந்த மாதம் மீன் சட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவாள். அதில் இருவருக்கும் சண்டை வந்ததே இல்லை.

இறால் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். தார்ப்பாய்த் தொட்டியில் நன்னீர் இறால் வளர்க்கப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ரெங்கராஜ் பெயர் கொடுத்திருந்தார். பயிற்சி நாளில் அவருக்கு ஷிப்ட் விழுந்துவிட்டது. "நீ போய் உக்காந்துட்டு வா" என்று இவளை அனுப்பினார். ஐந்து நாள் உட்கார்ந்து எழுதிக் கேட்டுப் படித்தவள் இவள். கடைசியில் சர்டிபிகேட் வந்தது ரெங்கராஜ் பெயரில். இவள் கேட்டதற்கு, "லிஸ்ட்ல அவர் பேர்தாம்மா இருக்கு" என்றார்கள். அந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டினார் ரெங்கராஜ். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும்.

பாடம் நடத்தியவர் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், வெங்கட்ராகவன். இறாலுக்கு என்ன தீனி, எவ்வளவு தீனி என்று இருபது வருஷமாக ஆராய்ச்சி செய்பவர். ஆனால் ஒரு இறாலை நாக்கில் வைத்ததில்லை. அவர் சொன்னது ஆனந்தவள்ளிக்குப் பச்சக்கென்று பிடித்துக்கொண்டது. தொட்டியில் இறாலின் கழிவும் தின்ற மிச்சமும் சேர்ந்து தண்ணீரை விஷமாக்கும். அதில் அளவாக வெல்லக் கரைசலை ஊற்றி, இருபத்துநாலு மணி நேரமும் காற்றைச் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருந்தால், நல்ல கிருமிகள் அந்தக் கழிவைத் தின்று பெருகிப் பழுப்புத் துகள் துகளாகத் திரளும். தண்ணீரும் சுத்தமாகும், அந்தத் துகளே இறாலுக்குத் தீனியும் ஆகும். "ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்கோ. இது தொட்டுக்கற கூட்டுதான், சாதம் இல்லே. கூட்டு இருக்கேன்னு சாதத்தை நிறுத்திடாதேங்கோ" என்றார் அவர். சாதம் என்று அவர் சொன்னது மீன்தூள் கலந்த குருணைத் தீவனத்தை. கருவாட்டு வாடை அடிக்கும், மூட்டையைப் பிரித்தால் தெருமுனை வரைக்கும் போகும்.

வீட்டுக்குப் பின்னால் வாழை எடுத்த இடத்தில் நான்கு தொட்டிகள் போட்டார்கள். ரெங்கராஜுக்கு அந்த இடத்தின் மேல் வேறு கண் இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருகிற கார்களுக்கு நிறுத்த இடம் கிடையாது, பக்கத்துத் தோப்புக்காரர் நிலத்தைச் சமன்படுத்தி வண்டி நிறுத்த விட்டுவிட்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறார். "நாமளும் அதையே பண்ணிடலாம், கூடவே நின்னு பாக்கற வேலையே இல்ல" என்பார். கடைசியில் இருவரும் ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். மூன்று தடவை இறால் விட்டுப் பார்ப்பது. மூன்றிலும் தேறவில்லை என்றால் தொட்டியைச் சுருட்டிவிட்டு இடத்தை வண்டிகளுக்கு விடுவது. ஆனந்தவள்ளி சரி என்றாள். அவளுக்குத் தன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் தடவை கரண்ட் போய்க் காற்று மெஷின் நின்றுபோனதில் எல்லாம் மல்லாந்துவிட்டன. இரண்டாவது தடவை தப்பு இவளுடையது. துகள் சீக்கிரம் திரளட்டும் என்று வெல்லத்தை அள்ளி ஊற்றிவிட்டாள். துகள் சேறு போலத் திரண்டு இறாலின் செவுளை அடைத்தது. அந்தப் புளித்த வாடை இன்றும் அவள் மூக்கில் நிற்கிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "ஆமா, நான்தான் கொன்னேன். இப்ப என்ன அதுக்கு?" என்பாள்.

மூன்றாவது தடவை அவள் ஒரு நோட்டுப் போட்டாள். காலையில் எழுந்ததும் தொட்டித் தண்ணீரை அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் கூம்பில் பிடித்து இருபது நிமிஷம் அசையாமல் வைப்பாள். அடியில் படிந்த துகள் பத்துக் கோட்டுக்கும் பதினைந்து கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏறினால் வெல்லத்தை நிறுத்துவாள். ஒரு நாளைக்கு நான்கு வேளை தீவனம். ஒவ்வொரு வேளையும் வலைத்தட்டில் கொஞ்சம் வைத்துத் தொட்டிக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பாள். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறைப்பாள், துடைத்துத் தின்றிருந்தால் கூட்டுவாள். இறால் சட்டை உரிக்கும் நாட்களில் ஒன்றன் மேல் ஒன்று பாயாமல் இருக்கப் பிவிசி குழாய்த் துண்டுகளைப் போட்டு மறைவிடம் செய்திருந்தாள். உரித்த இறால் சில மணி நேரம் பஞ்சு போல இருக்கும். பக்கத்தில் இருப்பது பசியோடு இருந்தால் அதைத் தின்றுவிடும். பசி இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை கிடையாது. ஆட்டு வயிற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆவணி முடிவில் நான்கு தொட்டியிலுமாக மூவாயிரத்து அறுநூறு இறால்கள், நீலக் கொடுக்குகளோடு, ஒவ்வொன்றும் ஒரு சாண். காந்தி மார்க்கெட் மீன் வியாபாரி ஹபீபுல்லா வந்து பார்த்துவிட்டு அசந்து போனார். "புரட்டாசியில இந்தப் பக்கம் ஒருத்தரும் வாங்க மாட்டாங்கம்மா. ஐப்பசி ரெண்டாம் தேதி வண்டியோட வரேன். அதுவரைக்கும் இப்படியே வச்சிருங்க" என்றார். இப்படியே வைத்திருப்பதுதான் வேலை. அந்த வேலையை அவளும் செய்துகொண்டிருந்தாள். தீவனம் போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றுவாள். ரெங்கராஜ் மூக்கைச் சுளிப்பார், ஆனால் வாய் திறக்க மாட்டார்.

புரட்டாசி மூன்றாம் தேதி அவளுக்கு வயிற்றுவலி வந்தது. குடல்வால் வீங்கிவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே ரெங்கராஜின் கையைப் பிடித்து, நான்கு வேளை, எத்தனை மக்குத் தீவனம், தட்டைப் பார்க்கிறது, கூம்பைப் பார்க்கிறது, பதினைந்து கோட்டைத் தாண்டினால் வெல்லம் கூடாது என்று ஒப்பித்தாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். ரெங்கராஜ் கண் கலங்கி, "எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ நல்லபடியா வா" என்றார்.

ஆபரேஷன் முடிந்ததும் தங்கை மகாலட்சுமி அவளை வையம்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே போனபின்பும் தினமும் போன்தான்.

"தீவனம் எவ்வளவு போட்டீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான்."

"தட்டுல மிச்சம் இருந்துச்சா?"

"தொடச்சு வச்சிருக்கு. நீ படுத்துத் தூங்கு."

கூம்பின் போட்டோவும் தினமும் வாட்ஸ்அப்பில் வரும். பதினான்கு கோடு. மாத்திரை மயக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். பன்னிரண்டாவது நாள்தான் தெளிவான கண்ணோடு போட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கூம்புக்குப் பின்னால் கொடியில் அவளுடைய பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் புடவை பத்து நாளாகத் தங்கை வீட்டில், அவள் பையில் இருந்தது.

மகாலட்சுமி எவ்வளவோ தடுத்தாள். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள் ஆனந்தவள்ளி. மூன்றாம் சனிக்கிழமை அது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. "கோவிந்தா" என்று யாரோ சொல்ல எல்லோரும் சொன்னார்கள். வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளும் சொன்னாள். ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. ஒரே போட்டோவைப் பன்னிரண்டு நாள் அனுப்பியிருக்கிறார். பொண்டாட்டி முட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே அந்த வாடை வந்துவிட்டது. புளித்த வாடை. இரண்டாவது தடவை வந்த அதே வாடை.

வீட்டுக்குள் போகாமல் நேரே தொட்டிக்குப் போனாள். தண்ணீர் நாள்பட்ட சாம்பார் போலக் குழம்பிக் கிடந்தது. விளிம்பில் மீசையை வெளியே நீட்டிக்கொண்டு இறால்கள் ஒட்டியிருந்தன, காற்றுக்காக. தட்டைத் தூக்கினாள். தட்டில் தீவனம் இல்லை. கொடுக்குகள் இருந்தன. உடம்பு இல்லாத கொடுக்குகள், தலை இல்லாத ஓடுகள், சதையைத் துருவி எடுத்த வெறும் கூடுகள். கூம்பில் தண்ணீர் பிடித்து வைத்தாள். துகள் படிந்து படிந்து ஐம்பதையும் தாண்டிப் போயிற்று. அழுகை வரவில்லை. கால் முதல் தலை வரைக்கும் கோபம்தான் வந்தது. உபரியாக வைத்திருந்த இரண்டாவது காற்று மெஷினையும் போட்டாள். ஒவ்வொரு தொட்டியிலும் கால்வாசித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டு, போர் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். தையல் இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். போனை எடுத்து வெங்கட்ராகவனுக்கு, "சார், உடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் தீவனக் கொட்டகைக்குள் போனாள். இரண்டு புது மூட்டைகளும் அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தன. தைத்த நூல்கூடப் பிரியவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பேரலில் தவிடும் நொய்யும், ஒரு பானையில் பாதி கரைந்த வெல்லமும் இருந்தன. மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ சுருட்டி வைத்திருந்தது. இழுத்துப் பிரித்தாள். புது ஃப்ளெக்ஸ், இன்னும் மை வாடை போகவில்லை. 'ரெங்கா கார் பார்க்கிங். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் பக்தர்களை வரவேற்கிறோம்.' அதைத் திரும்பச் சுருட்டி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ரெங்கராஜ் கோயிலிலிருந்து வெறுங்காலோடு வந்தார். கையில் துளசி. "அட, வந்துட்டியா வள்ளி! ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே. இந்தா, பெருமாள் துளசி" என்றார்.

அவள் கை நீட்டவில்லை. "மூட்டையை ஏன் பிரிக்கல?"

ரெங்கராஜ் கொட்டகையைப் பார்த்தார், பேரலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எப்படி வள்ளி தொடறது? நாலு வேளையும் கருவாட்டுத் தூளை அளைஞ்சிட்டு எப்படிப் பெருமாள் முன்னாடி நிக்கறது? அதுவும் உன்னைக் கத்தி வைக்கக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு வேண்டிக்கிட்டேன். நீ நல்லபடியா எந்திரிச்சு வரணும், இந்த மாசம் பூரா என் எல்லைக்குள்ள கவுச்சி கிடையாதுன்னு. தவிடு, நொய், வெல்லம், எல்லாம் சுத்தமான பொருள்தான். அதுங்களும் நல்லாத்தான் தின்னுச்சு."

இதைக் கேட்டு மனசு இளகுகிற பெண்கள் இருக்கலாம். ஆனந்தவள்ளிக்கு இன்னும் ஏறியது. கொன்றதும் இல்லாமல், கொன்றது உனக்காகத்தான் என்று அவள் தலையிலேயே கட்டுகிறாரே!

"என் பேரை இதுல இழுக்காதீங்க. வேண்டுதல் உங்களோடது. விரதமும் உங்களோடது. நீங்க இருங்க, யார் வேணாம்னா? நானும்தான் இருக்கேன். அதுங்க வந்து உங்ககிட்ட நாங்களும் விரதம் இருக்கோம்னு சொல்லுச்சா?"

"இல்ல வள்ளி, அதுங்களுக்கும் ஒரு புண்ணியம்..."

"புண்ணியமா? இங்க வாங்க, பாருங்க!" தட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "கவுச்சி போடாம விட்டீங்கள்ல? ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு. புரட்டாசி மாசம் பூரா உங்க எல்லைக்குள்ள கவுச்சியைத் தவிர வேற எதுவுமே நடக்கல. போய்ச் சொல்லுங்க உங்க பெருமாள்கிட்ட."

"பெருமாளைப் பேசாத."

"பெருமாளை ஏன் பேசறேன்? அவரு உங்ககிட்ட தவிடா கேட்டாரு? பொய்யா கேட்டாரு? பன்னெண்டு நாளு ஒரே போட்டோ! விரதக்காரரு சொல்ற பொய்யா அது?"

"நீ பயந்துக்கக் கூடாதேன்னுதான்" என்று ரெங்கராஜ் முனகினார்.

அந்த நேரத்தில் வெங்கட்ராகவனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலையில் இட்ட திருமண் கலையாமல் இருந்தது. அவர் நெற்றியைப் பார்த்ததும் ரெங்கராஜுக்குப் போன உயிர் வந்தது. "வாங்க சாமி. நம்ம நிலைமை உங்களுக்குத்தான் புரியும்" என்று நடந்ததை அவசர அவசரமாக ஒப்பித்தார்.

வெங்கட்ராகவன் வேட்டியை மடித்துக்கொண்டு தொட்டியருகே குந்தினார். செத்த இறால் ஒன்றை வெறுங்கையால் எடுத்து, முதுகை நகத்தால் கீறிக் குடலைப் பார்த்தார். "துகள் எவ்வளவு ரெங்கராஜ்? தவிடு எத்தனை கிலோ போட்டேள்? கடைசியா எப்போ சட்டை உரிச்சுது?" என்று கேட்டார். ரெங்கராஜ் மூன்று கேள்விக்கும் விழித்தார். ஆனந்தவள்ளி இரண்டடி தள்ளி நின்றாள். எல்லாம் தெரிந்தவள் அங்கே நிற்கிறாள், கேள்வி மட்டும் அவரிடம் போகிறது. மூன்று வருஷமாக இதுதான்.

"வெறும் தவிடு" என்றார் வெங்கட்ராகவன். "சட்டை உரிக்கறதுக்குக் கொலஸ்ட்ரால் வேணும் அதுக்கு. தானா உண்டாக்கிக்கத் தெரியாது. மீன்தூள்ல இருக்கு, தவிட்டுல இல்லே."

"கொலஸ்ட்ராலா? டாக்டரு எனக்கு அது ஆகவே ஆகாதுன்னாரே" என்றார் ரெங்கராஜ்.

"நீங்க சட்டை உரிக்கறதில்லையே" என்று சொல்லிவிட்டு வெங்கட்ராகவன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு ஆனந்தவள்ளி பக்கம் திரும்பினார். "சரிம்மா, நடந்தது நடந்துடுத்து. பகவத் சங்கல்பம். ஏதோ பக்தியில பண்ணிட்டார், நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

பெரிய மனசு! அடுத்தவர் தப்புக்கெல்லாம் இவள் மனசைத்தான் பெரிசு பண்ண வேண்டும்.

"சார், இன்னிக்குக் காலையில கோயிலுக்குப் போனீங்கல்ல?"

"போனேன்."

"நேத்து ஆபீசுல மீன்தூளைத் தொட்டீங்களா, இல்லியா?"

"தொட்டேன். அது என் உத்யோகம்மா."

"அப்ப இது என் உத்யோகம் சார்" என்றாள். குரல் தெருவுக்குக் கேட்டது. "உங்க உத்யோகத்துல ஒருத்தர் வந்து பக்தியில பாழடிச்சா பெரிய மனசு பண்ணுவீங்களா? அஞ்சு நாளு உங்க கிளாஸ்ல உக்காந்தது யாரு? கூட்டு, சாதம்னு நீங்க சொன்னதை எழுதிக்கிட்டது யாரு? மூணு வருஷமா வந்துட்டுப் போறீங்க, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, துகள் எவ்வளவுன்னு என்னைக் கேட்டிருக்கீங்களா?"

வெங்கட்ராகவன் எழுந்து நின்றார். கையில் இருந்த இறாலை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "துகள் எவ்வளவும்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அம்பத்தி மூணு. கால்வாசித் தண்ணி மாத்திட்டேன். வெல்லத்தை நிறுத்திட்டேன்."

"நாளைக்கும் அதே அளவு மாத்துங்கோ" என்றார்.

மூன்று பேருமாக வலை போட்டு எண்ணினார்கள். இரண்டாம் தொட்டியிலும் நான்காம் தொட்டியிலும் குழாய்த் துண்டுகளுக்குள் பதுங்கியிருந்தவை தப்பியிருந்தன. எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மூவாயிரத்து அறுநூறில் தொள்ளாயிரத்து நாற்பது.

ரெங்கராஜ் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நான் வேணும்னு பண்ணல வள்ளி. ஆனா பேசின பேச்சுன்னு ஒண்ணு இருக்கில்ல? மூணு தடவைன்னு சொன்னோம். மூணாவதும் போயிடுச்சு" என்றார். கண் தானாகக் கொட்டகைப் பக்கம் போயிற்று.

ஆனந்தவள்ளி உள்ளே போய் ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து அவர் காலடியில் விரித்தாள். "இது எப்ப அடிச்சீங்க?"

"போன வாரம். ஆஃபர்ல அடிச்சுத் தரேன்னான்."

"போன வாரம் உங்க போட்டோவுல பதினாலு கோடு. இறாலெல்லாம் சூப்பரா இருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு ஃப்ளெக்ஸு?"

வெங்கட்ராகவன் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெங்கராஜ் ஃப்ளெக்ஸில் இருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டம் போட்டுச் செய்தாரா, பக்தியில் செய்துவிட்டு நடப்பது நல்லதுக்கே என்று விட்டுவிட்டாரா என்பது அவருக்கே தெரியாது. அதுதான் அவளுக்கு ஆறவே ஆறவில்லை.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள். இப்போது கத்தவில்லை. "மொத தடவை கரண்டு கொன்னுச்சு. ரெண்டாவது தடவை நான் கொன்னேன், ஒத்துக்கிட்டேன். இது மூணாவது இல்ல. இது உங்களோட மொத தடவை. என்னோட மூணாவது இன்னும் பாக்கி இருக்கு."

கொட்டகைக்குள் போய் மூட்டையின் நூலை உருவினாள். கருவாட்டு வாடை குபீரென்று கிளம்பியது. ஒரு மக்கில் பாதி அள்ளிக்கொண்டு வந்து ரெங்கராஜிடம் நீட்டினாள். "மிச்சம் இருக்கறது பசியோட இருக்கு. என்னால குனிய முடியாது, தையல் இழுக்குது. போடுங்க."

மூன்றாம் சனிக்கிழமை. உச்சி வேளை. ரெங்கராஜ் ஆதரவு தேடி வெங்கட்ராகவனைப் பார்த்தார். வெங்கட்ராகவன் இறால் குடலைத் தொட்ட கையைக் குழாயடியில் நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டி விளிம்பில் வைத்திருந்த துளசியை ரெங்கராஜ் இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையை மக்குக்குள் விட்டார்.

நான்கு தொட்டிக்கும் போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவள் பக்கத்தில் நின்று எவ்வளவு, எங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு நோட்டை எடுத்துத் திறந்தாள். பக்கத்தின் தலையில் 'மூன்றாவது' என்று அவள் கையால் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, 'ரெங்கராஜ், முதலாவது' என்று எழுதினாள். அதன் கீழே, 'இருந்தது 3600, இருப்பது 940, போட்டது தவிடு' என்று எழுதி நோட்டையும் பேனாவையும் அவரிடம் கொடுத்தாள்.

"சர்டிபிகேட்டு உங்க பேர்லதானே இருக்கு? கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

கருவாட்டு வாடை அடிக்கிற கையால் ரெங்கராஜ் கையெழுத்துப் போட்டார்.